முப்பது டிகிரி

மேசையில் ஆடாமல் அசையாமல் கிடக்கிற ஓர் அக்ஸலரோமீட்டரைக் கணினியோடு இணைத்து, அது என்ன சொல்கிறது என்று பார்த்தால், தான் மேல்நோக்கி 1 ஜி முடுக்கத்தில் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்லும். முதல் முறை பார்க்கிறவர்கள் சாமான் கெட்டுப்போச்சு என்றுதான் நினைப்பார்கள். அதையே மெத்தைக்கு மேலே உயரப் பிடித்து விட்டுவிட்டால், விழுந்துகொண்டிருக்கும் அந்தக் கண்ணிமைப்பு நேரத்துக்குப் பூஜ்ஜியம் காட்டும். சும்மா கிடக்கும்போது முடுக்கம், விழும்போது ஒன்றுமே இல்லை.

முடுக்கம் என்ற சொல்லே எனக்குப் பிறகு வந்ததுதான். ஆறாம் ஆண்டு வரைக்கும் தமிழ்ப்பள்ளி. இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் படிக்கும்போது அது 'பெச்சுத்தான்' ஆக வந்து சேர்ந்தது. பெச்சுத்தான் என்றால் வேகம் கூடுவது, மோட்டார்சைக்கிளில் த்ராட்டலைத் திருகுவது என்று மனதில் பதிந்துவிட்டது. மாட்டை முடுக்கிவிடுவது என்று பாட்டி சொல்லும்போது அந்தச் சொல்லில் ஒரு தள்ளு இருக்கும், பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. இந்தச் சில்லு விஷயத்தில் எனக்கு உதவியது பாட்டியின் சொல்தான்.

ஏனென்றால் உள்ளே நடப்பது அதுதான். சிலிக்கானில் செதுக்கிய ஒரு துணுக்கு, அதே சிலிக்கானில் செய்த மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. துணுக்கின் ஓரங்களில் சீப்பு மாதிரிப் பற்கள். அந்தப் பற்களுக்கு நடுவே, அசையாத வேறொரு சீப்பின் பற்கள். துணுக்கு ஒரு துளி நகர்ந்தால் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் அங்கே தேங்கும் மின்னூட்டம் மாறும். அதை அளந்து எண்ணாக மாற்றித் தருகிறது சில்லு. மேசையில் கிடக்கும்போது மேசை சில்லின் உடம்பைத் தாங்குகிறது. உள்ளே தொங்கும் துணுக்கு கொஞ்சம் தாழ, ஸ்பிரிங் அதை மேலே தள்ளிப் பிடிக்கிறது. அந்தத் தள்ளுதான் 1 ஜி. விழும்போது உடம்பும் துணுக்கும் சேர்ந்தே விழுகின்றன. யாரும் யாரையும் தாங்க வேண்டியதில்லை. 1907இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, விழுகிற மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்று ஐன்ஸ்டைன் நினைத்துப் பார்த்தாரே, அதே சங்கதி.

ஆக, பூமி இழுப்பது இதற்குத் தெரியாது. தன்னை எது தாங்குகிறது, எந்தப் பக்கத்திலிருந்து தாங்குகிறது என்பது மட்டும் தெரியும். அந்தத் தாங்கலின் திசையை வைத்து நாமாக ஒரு கணக்குப் போட்டு, இவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதிலெல்லாம் எனக்கு அக்கறை வந்தது அம்மாவின் கட்டிலால். பொழுதுபோக்குக்கு எல்இடி எரிய வைத்து, செடிக்குத் தண்ணீர் விடும் கருவி செய்து, பாதியில் போட்டுவிடும் ஆள் நான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் முழுக்க விழுந்து, மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டர்வொர்த் வீட்டின் முன் அறையில், பழைய மருத்துவமனைக் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டோம். கால்மாட்டில் கைப்பிடி. சுற்றினால் தலைப்பக்கம் எழும், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். டிகிரி எங்கேயும் எழுதியிருக்காது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் தாதி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். குழாயில் பால் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை எழும்பி இருக்க வேண்டும், கொடுத்து முடித்ததும் உடனே இறக்கக் கூடாது, உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். மற்ற நேரங்களில் 30க்கு மேல் வைக்கக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும், ஆனால் சுவரைப் பார்க்கிற மாதிரி முழுசாக ஒருக்களிக்க வைக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வில் விட வேண்டும். வேகமாகச் சொல்லிக்கொண்டே போனவர் கடைசியில் கையை விரித்துக் காட்டினார். "கிரா-கிரா மச்சாம் இனி லா."

அந்தக் 'கிரா-கிரா'வை ஆளுக்கொரு மாதிரி வீட்டுக்கு எடுத்து வந்தோம். அண்ணனுக்கு ஒரு முப்பது, எனக்கு ஒரு முப்பது, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த காக்காக்குக்கு ஒரு முப்பது. பிறகு அளந்து பார்த்தபோது 22, 38, 41 என்று வந்தது. எது யாருடையது என்று நான் குறித்து வைக்கவில்லை. கண் சாய்வை அளக்கக்கூடிய உறுப்பு இல்லை. அதனால்தான் கொத்தனார் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் பையில் வைத்திருக்கிறார். முப்பது வருஷம் சுவர் எழுப்பினவர்கூட கண்ணை நம்பிக் கல் வைப்பதில்லை.

ஏன் எப்போதும் முப்பது? இதைத் தாதி சொல்லவில்லை. நேரம் இல்லை. அக்ஸலரோமீட்டரைக் கட்டிலின் முதுகுப் பலகையில் ஒட்டி, எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பலகை படுத்திருக்கும்போது முழு 1 ஜியும் பலகைக்குச் செங்குத்தாக வரும். சாய்க்கச் சாய்க்க அது இரண்டாகப் பிரியும்: ஒரு பங்கு பலகைக்குச் செங்குத்தாக, இன்னொரு பங்கு பலகையின் நீளவாக்கில். 30 டிகிரியில் நீளவாக்குப் பங்கு 0.5. பாதி. 45 டிகிரியில் 0.71. மேலுடம்பைச் சரிக்கப் பார்க்கும் பங்கு அதுதான். உடம்பு சரிகிறது, மெத்தை விரிப்பு தோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உள்ளே எலும்பு கீழே இறங்குகிறது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள சதை முறுக்கிக்கொண்டு இழுபடுகிறது. தானாகப் புரண்டு படுக்கிற நமக்கு ஒன்றும் ஆகாது. முடியாதவர்களுக்குப் புண் அங்கேதான் தொடங்குகிறது. பால் இறங்குவதற்கு 30க்குக் குறையக் கூடாது, தோலுக்கு 30ஐத் தாண்டக் கூடாது. இரண்டு கட்டளையும் வந்து முட்டுகிற இடம் அந்த ஒரே எண்.

பக்கவாட்டுச் சாய்வும் இப்படித்தான். 90 டிகிரிக்கு ஒருக்களித்தால் இடுப்பெலும்பு முனையிலும் தோளிலும் மொத்த எடையும் இறங்கும். மல்லாந்தே கிடந்தால் அடிமுதுகு எலும்பிலும் குதிகாலிலும். 30 டிகிரியில் எலும்பு முனை இரண்டும் தப்பித்து, சதை உள்ள பிட்டத்தில் எடை பரவும். படுக்கைப் புண்ணை உண்டாக்குவது கீழிருந்து மெத்தை கொடுக்கும் தள்ளு. சில்லு உணர்கிற அதே தள்ளு. அம்மாவின் தோலும் இந்தப் பத்து, பதினைந்து ரிங்கிட் சாமானும் ஒரே விஷயத்தைத்தான் உணர்ந்துகொண்டிருந்தன. அம்மாவால் அதை வாய் திறந்து சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

கைப்பேசியில் இல்லாததா என்று நண்பர்கள் கேட்டார்கள். இருக்கிறது. 2006இல் வந்த வீ விளையாட்டுக் கருவியின் கைப்பிடியில் இருந்தது, 2007இல் முதல் ஐபோனில் இருந்தது. திரையைத் திருப்பினால் படம் திரும்புவது அதனால்தான். முதல் வாரம் நானும் கைப்பேசியைத்தான் கட்டிலில் சாய்த்து வைத்து அளந்தேன். கட்டிலுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் கைப்பேசி மணி அடிக்கும், சமையலறைக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னோடு கோலாலம்பூருக்குத் திரும்பிவிடும். அம்மாவின் உடம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க அதை அவர் நெஞ்சில் வைத்துக் கட்டவும் முடியாது.

புடு ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமை காலையில் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது ஒரு சாய்வு சுவிட்ச். விரல் நுனி அளவு உருளை, உள்ளே இரண்டு உலோகக் குண்டுகள் உருளும். சாய்த்தால் தொடர்பு விட்டுப்போகும். ஒரு ரிங்கிட்கூட இல்லை. சாய்ந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. எனக்கு எவ்வளவு என்பதுதான் வேண்டியிருந்தது. எம்பியூ-6050 பொருத்திய சின்ன நீலப் பலகைகள் இரண்டு எடுத்தேன். "ரோபோ செய்யவா?" என்று கேட்டார். இரண்டு சக்கரத்தில் விழாமல் நிற்கும் ரோபோவுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வாங்கிப் போவது இதைத்தான். "கட்டிலுக்கு" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த ரோபோவுக்கு நிரல் எழுதுகிறவர்களின் பாடு வேறு. சக்கரம் ஓடும்போது, நிற்கும்போது, எதிலாவது மோதும்போது எல்லாத் தள்ளும் சில்லுக்குள் வந்து சேரும். எது சாய்வு, எது ஓட்டம் என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. இதை நான் ரயிலில் பார்த்தேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் போகும் இடிஎஸ்ஸில், முன் இருக்கையின் மடக்கு மேசையில் பலகையை ஒட்டி, மடிக்கணினியில் கோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஈப்போவிலிருந்து ரயில் கிளம்பும்போது மேசை கிட்டத்தட்ட 3 டிகிரி பின்னால் சாய்ந்துவிட்டதாகச் சில்லு சொன்னது. மேசை இம்மிகூட அசையவில்லை. விநாடிக்கு விநாடி அரை மீட்டர் வேகம் கூடினால் இந்த 3 டிகிரி வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், மேசையில் இருந்த மைலோவின் மேற்பரப்பும் அதே அளவுக்குச் சாய்ந்திருந்தது. கோப்பைக்கும் சில்லுக்கும் ஒரே பொய். வளைவில் இன்னொரு வேடிக்கை: தண்டவாளத்தை அங்கே ஒரு பக்கம் உயர்த்திப் போட்டிருப்பார்கள். ரயில் நிஜமாகவே சாய்ந்து போகும், சன்னலுக்கு வெளியே கம்பங்கள் எல்லாம் சாய்ந்து தெரியும், சில்லோ எல்லாம் நேராகத்தான் இருக்கிறது என்று கிட்டத்தட்டச் சாதிக்கும்.

இதைச் சமாளிக்கத்தான் அதே சில்லில் ஒரு ஜைரோஸ்கோப்பையும் வைத்திருக்கிறார்கள். திரும்பும் வேகத்தை அது சொல்லும். குலுக்கலுக்கு அசைந்து கொடுக்காது, ஆனால் நேரம் ஆக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக வழி தவறிப்போகும். அக்ஸலரோமீட்டர் அந்தந்த நொடியில் தடுமாறும், நாள் கணக்கில் பார்த்தால் வழி தவறாது. ஜைரோவுக்கு 0.98 பங்கு, அக்ஸலரோமீட்டருக்கு 0.02 பங்கு என்று கலந்து, ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்படி செய்வது பொழுதுபோக்குக்காரர்களின் பழைய கைப்பக்குவம். நானும் அதை எழுதி வைத்திருந்தேன். பட்டர்வொர்த் வந்து அம்மாவிடம் வைத்துப் பார்த்தால், அது தேவைப்படவே இல்லை. அக்ஸலரோமீட்டர் சரியான சாய்வைச் சொல்ல ஒரே ஒரு நிபந்தனைதான்: அசையாமல் இருக்க வேண்டும். ஜைரோ வரிகளை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். நிரல் சின்னதாகி வேகமாக ஓடியது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அம்மாவிடம் காட்டாமல் அவர் மேல் எதையும் கட்டக் கூடாது என்று நினைத்திருந்தேன். இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது. இன்டெல், ஹிட்டாச்சி, நேஷனல் செமிகண்டக்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்திலும் கம்பத்திலும் இருந்த பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். அம்மா போனபோது அவருக்கு 19 வயது. பாலம் 1985இல்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் விடியற்காலை ஃபெரி, அக்கரையில் கிலாங் பஸ். மூன்று ஷிஃப்ட். வேலை 'போண்டிங்'. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, சில்லின் ஓரத்திலிருந்து அதைச் சுற்றியுள்ள உலோகக் கால்களுக்குத் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைப்பது. கால் கால்களாக, சில்லு சில்லாக, எட்டு மணி நேரம். கைக்குழந்தையான என்னைத் தூக்கும்போதுகூட விரல்கள் அந்தப் பிடியிலேயே இருந்ததாகப் பெரியம்மா சொல்வார். அது பெரியம்மா கட்டிய கதையாகவும் இருக்கலாம்.

நீலப் பலகையை அம்மாவின் இடது உள்ளங்கையில் வைத்தேன். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். விளக்குப் பக்கமாகச் சாய்த்தார். நகத்தால் சில்லின் ஓரத்தைத் தடவினார். 4 மில்லிமீட்டர் சதுரம், 1 மில்லிமீட்டர்கூட உயரமில்லாத கறுப்புத் தகடு. திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம்.

"கால் இல்ல" என்றார்.

பக்கவாதத்துக்கப்புறம் அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை வருவது அபூர்வம். ஆமாம், இந்தக் காலத்துச் சில்லுக்கெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்கள் கிடையாது, அடியிலேயே பட்டைகளாக வைத்துப் பற்ற வைத்துவிடுகிறார்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பலகையைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு சில்லைக் கட்டிலின் முதுகுப் பலகையில் திருகி வைத்தாயிற்று. இன்னொன்றை உடம்பில் எங்கே வைப்பது? புண் வராமல் பார்க்கச் செய்யும் கருவியே அடியில் மாட்டிக்கொண்டால் அதுவே புண் உண்டாக்கும். குழாய், ஒயர், முகக்கவசம் எதுவும் அப்படிச் செய்யக்கூடியது. முதுகும் இடுப்பும் ஆகாது. நைட்டியின் மேல், நெஞ்செலும்புக்கு நேராக ஒரு சின்னத் துணிப்பை தைத்து அதற்குள் வைத்தேன். அங்கிருந்து மெல்லிய நான்கிழைக் கம்பி, பக்கத்து ஸ்டூலில் இருக்கும் அர்டுயினோவுக்கு. அதற்கு முன்னால் அளவு சரிபார்க்கும் வேலை இருந்தது. இந்தச் சில்லுகள் ஒவ்வொன்றும் பிறக்கும்போதே கொஞ்சம் கோணலாகப் பிறக்கின்றன. 0.05 ஜி தள்ளியிருந்தால்கூடக் கிட்டத்தட்ட 3 டிகிரி பிசகும். ஆறு முகத்திலும் மாற்றி மாற்றி வைத்து, எண்களைக் குறித்து, கோணலைக் கழித்துவிடலாம். இன்னொன்றும் தெரிய வேண்டும்: ஒரே ஓர் அச்சை மட்டும் பார்த்துச் சாய்வைக் கணக்கிடக் கூடாது. கிடைமட்டத்திலிருந்து முதல் டிகிரி சாயும்போது எண் 0.017 ஜி மாறும், செங்குத்தை நெருங்கும்போது, 89இலிருந்து 90க்கு, 0.00015 ஜிதான் மாறும். சில்லுக்கு அது கண்ணில்கூடப் படாது. இரண்டு அச்சுகளை எடுத்து அவற்றின் விகிதத்திலிருந்து கோணம் கண்டால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நுட்பமாக வரும்.

இத்தனையும் செய்தபிறகும் நெஞ்சில் வைத்த சில்லின் கோடு நேராக வரவில்லை. கட்டிலில் இருந்தது கோடு கிழித்த மாதிரி 30.2இல் நின்றது. இது மட்டும் மேலும் கீழும் போய் வந்தது. ஒரு டிகிரிக்கும் குறைவுதான், ஆனால் நிற்காமல். ஏறும்போது சட்டென்று, இறங்கும்போது மெதுவாக. மின் இரைச்சல் இப்படி ஒழுங்காக வராது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 17. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன்.

நெஞ்சு ஏறி இறங்கும்போது நெஞ்செலும்பு கொஞ்சம் சாய்கிறது. மூச்சு விடுவதும் ஒரு சாய்வுதான்.

கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அழிக்கிற வேலையைத் தொடங்கினேன். வேறு வழி இல்லை. சின்னத் திரையில் எண் 29, 30, 30, 29 என்று துடித்துக்கொண்டிருந்தது; எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும்போது விளக்கு பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரிந்தது. ராத்திரி அந்த அறையில் படுக்கிறவருக்கு அது பெரிய இம்சை. 20 விநாடிக்கு வந்த எண்களை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால் மூச்சு மறைந்துவிடும், சாய்வு மட்டும் மிஞ்சும். நான்கு வரி நிரல். மற்றவர்கள் கட்டுரைகளில் இதற்கு வடிகட்டுவது என்றும், அழிவதற்கு இரைச்சல் என்றும் பெயர். எது இரைச்சல் என்பதை நிரல் எழுதுகிறவர் தீர்மானிக்கிறார், அவருக்கு அப்போது என்ன வேண்டும் என்பதைப் பொறுத்து.

காக்காக் இரண்டே நாளில் அதைப் பழகிக்கொண்டார். "கலாவ் மேரா, அலே. கலாவ் ஹிஜாவ், பியார்." சிவப்பு என்றால் திருப்பு, பச்சை என்றால் விட்டுவிடு. நான் மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த விளக்கக் குறிப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். 2 மணி நேரம் ஒரே சாய்வில் இருந்தால் ஒரு சின்ன 'பீப்'. அவ்வளவுதான் கருவி.

அண்ணன் ஜொகூரிலிருந்து அழைத்தபோது எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "லாக் ஒன்னு போடும்மா. மெமரி கார்டு வெச்சிட்டா போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு, நாலு மணிக்கு அவங்க எழுந்து திருப்புறாங்களான்னு தெரிஞ்சிரும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தூரத்தில் இருக்கிறவருக்கு ராத்திரி இரண்டு மணி ரொம்ப நீளம். கார்டு வைப்பதும் பெரிய வேலை இல்லை, ஐந்து ரிங்கிட்டுக்கு அதற்கான பலகை கிடைக்கும். ஆனால் நான் போடவில்லை. போடாததற்கு அவரிடம் சொன்ன காரணங்கள் எல்லாம் சில்லைப் பற்றியவை, எல்லாம் உண்மையும்கூட. துணிப்பை நைட்டியோடு சேர்ந்து நழுவினாலும் சில்லுக்கு அது சாய்வுதான். யாரும் அம்மாவைத் தொடாமலே திருப்பியதாகக் காட்டும். அம்மா இடது கையை ஊன்றித் தானே கொஞ்சம் நகர்ந்தாலும் அப்படித்தான். நிலைக்குத்து அச்சைச் சுற்றித் திரும்பினால், அதாவது படுத்த வாக்கிலேயே தலையும் காலும் இடம் மாறினால், அதற்குத் தெரியவே தெரியாது. தாங்கும் திசை மாறவில்லையே. தன்னைத் தாங்குவது எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்த ஒன்றை, யார் வேலை செய்தார்கள், யார் தூங்கினார்கள் என்பதற்குச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு. வாரத்தில் ஏழு ராத்திரியும் அந்த அறையில் படுக்கிறவர் அவர் ஒருவர்தான். அவருடைய அம்மா மேடானுக்குப் பக்கத்தில் எங்கேயோ வேறு யாருடைய பொறுப்பிலோ இருக்கிறார். பாயான் லெப்பாஸில் அம்மா ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சில்லு முடித்தார் என்று கணக்கு வைத்திருந்தார்கள். கழிவறைக்குப் போய் வந்த நேரத்தையும் குறித்தார்கள். அம்மா அந்தக் கணக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் மாறும். அந்த அம்மாவின் நெஞ்சில் ஒரு சில்லை வைத்து இன்னொரு பெண்ணின் ராத்திரியை எண்ண எனக்குக் கை வரவில்லை. "ரொம்ப சென்டிமென்டா இருக்காதே" என்று அண்ணன் சொல்லக்கூடும். அதனால்தான் சொல்லவில்லை. பதிலாக, வெள்ளி, சனி ராத்திரிகளில் 'பீப்' என்னோடது என்று ஆக்கிக்கொண்டேன். மற்ற நாளுக்கு ஓர் உதவியாள் பார்க்க வேண்டும் என்று பேச்சு தொடங்கியிருக்கிறது. பணக் கணக்கு, அதனால் இழுத்துக்கொண்டு போகிறது.

காற்று மெத்தை வாங்கிவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: வாங்கியிருக்கிறோம். அது இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். என் கருவி மருத்துவக் கருவியும் இல்லை. வாரம் ஒரு முறை வரும் தாதி அதைப் பார்க்கவே மாட்டார். நேரே அம்மாவின் அடிமுதுகையும் குதிகாலையும்தான் திருப்பிப் பார்ப்பார். சிவந்திருக்கிறதா, விரல் வைத்து அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா என்று. போன வாரம் வரைக்கும் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ராத்திரிகளில் நான் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். காக்காக் பின் அறையில் தூங்குவார். அவரை எழுப்ப வேண்டாம் என்று பார்த்தாலும், அம்மாவைத் தனியாகத் திருப்ப என்னால் முடியாது. அந்த நேரத்துக்கு மட்டும் எழுப்புவேன். மடிக்கணினியை இணைத்து வைத்திருப்பேன். சராசரி எடுப்பதற்கு முன்னால் உள்ள கோட்டையும் திரையில் தனியாக ஓடவிட்டிருக்கிறேன், எதற்கும் பயன்படாது, ஓடட்டும் என்று. ஏறும், இறங்கும். தூங்கும்போது நிமிடத்துக்கு 14, 15.

போன சனிக்கிழமை 'பீப்' வந்தபோது மணி 2:10. காக்காக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் விரிப்பின் ஓரத்தை இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்தோம். "சத்து, டுவா, தீகா." கோடு திரையின் மேல் விளிம்புக்கு வெளியே போய்விட்டது, கீழே விழுந்தது, கிறுக்கியது. அம்மா முனகினார். தலையணையை முதுகுக்குப் பின்னால் செருகி, கால்களுக்கு நடுவே இன்னொன்று வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் கையை எடுத்தோம். இருபது விநாடி காத்திருந்தோம். 26 என்று வந்தது. காக்காக் தலையணையை உள்ளங்கையால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

29. பச்சை.

அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.